ஹிரியண்ண குந்தரின் மூக்கு

கர்நாடகக் கடற்கரையில் மல்பெ துறைமுகத்து ஐஸ் ஆலைக்காரர்கள் சங்கம் என் கணவருக்கு நடத்திய இரங்கல் கூட்டத்தில் ஐந்து பேர் பேசினார்கள். காலம் மாறப்போவதை முதலில் கண்டவர் என்றார் ஒருவர். தொழிலாளியைத் தன் வீட்டு ஆளாக நடத்தியவர் என்றார் இன்னொருவர். மற்ற மூவரும் ஏறக்குறைய அதையேதான் வேறு சொற்களில் சொன்னார்கள். எதுவும் பொய்யில்லை. ஆனால் அவருடைய மூக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதைப் பேசாமல் ஹிரியண்ண குந்தரைப் பற்றிப் பேச முடியாது.

அவருடைய அப்பா கரைவலை இழுத்தவர். இவர் பதினாறு வயதில் தலையில் கோணிச்சாக்கை மடித்து வைத்து ஐஸ் பாளம் சுமந்தார். முப்பத்து நான்கு வயதில், ஆற்றங்கரையில் மூடிக்கிடந்த ஒரு பழைய ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார். பெரிய ஆலைக்காரர்கள் சிரித்தார்கள். ஐஸ் என்றால் பாளம்தான், படகுக்காரன் உடைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று இருந்த காலம் அது. இவர் படகு கரைக்கு வரும் நேரத்தில் போய் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எத்தனாவது நாள் ஐஸ் தீர்ந்துச்சு?"

மீன் எவ்வளவு கிடைத்தது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இவருக்கு அது வேண்டாம். ஏழாம் நாள் என்று மூன்று படகுக்காரர்கள் சொன்னதும் வந்து, பாளத்தை நிதானமாக உறையவிட்டுக் கெட்டியாக்கினார். துறைமுகத்தில் முதலில் அரவை இயந்திரம் வைத்து, குழாய் வழியாகப் படகின் அறைக்குள் தூள் ஐஸ் கொட்டியவரும் இவர்தான். மத்தி மீன் மூன்று வருடம் கரைப் பக்கமே வராமல் போனபோது மற்றவர்கள் கடலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் கேரளத்துப் பக்கம் போய் இறால் எப்படிப் பெட்டியில் அடுக்குகிறார்கள் என்று நான்கு நாள் பார்த்துவிட்டு வந்தார். அந்த மூன்று வருடமும் இறாலுக்கு ஐஸ் கொடுத்த எங்கள் ஆலை மட்டும் ஆளை நிறுத்தவில்லை.

உடுப்பியில் ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருடம் வணிகவியல் நடத்தினேன். மாறும் காலத்தில் தொழில் தலைவனுக்கு வேண்டிய குணங்கள் என்று ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு ஜூலையிலும் அதை நடத்துவேன். விடைத்தாள் திருத்தும்போது இவர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்ப்பார்.

"என்ன டீச்சரம்மா, உங்க புத்தகத்துல ஐஸ்காரன் எவனாவது இருக்கானா?"

"இல்ல. எல்லாரும் கோட்டுப் போட்டவங்க."

"கோட்டுப் போட்டவன் என் ஆலைக்குள்ள வந்தா நல்லது. குளிர் தாங்குவான்."

இனி மூக்குக்கு வருகிறேன்.

எங்கள் ஆலை அமோனியாவில் ஓடுவது. இரும்புக் குழாய்களும் கடல் காற்றும் ஒன்றாக இருக்கும் இடத்தில் கசிவு என்பது வருமா என்ற கேள்வியில்லை, எப்போது என்பதுதான். கசிவைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. கந்தகம் தடவிய குச்சியைக் கொளுத்திக் குழாய் நெடுகக் கொண்டுபோனால், கசியும் இடத்தில் வெள்ளைப் புகை திரளும். இவருக்கு அந்தக் குச்சி தேவைப்பட்டதில்லை. கழிவறை நெடியிலிருந்தும் மீன் நெடியிலிருந்தும் அமோனியாவைப் பிரித்து, எந்த இணைப்பு என்று கைவைத்துக் காட்டுவார். ஒருமுறை மங்களூரிலிருந்து கசிவு காட்டும் கருவி வாங்கி மாட்டினார். ஐஸ் உறையவைக்கும் தகரப் பெட்டியைக் கழுவினாலே அது அலறியது. ஒரே மழைக்காலத்தில் உப்பு அரித்து ஊமையானது. இன்னொன்று வாங்கவில்லை. வாங்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

காலை ஆறு மணிக்குப் பகல் ஆட்கள் பதினான்கு பேரும் வாசலில் நிற்பார்கள். இவர் மட்டும் உள்ளே போவார். இயந்திர அறை, பின்னால் இருக்கும் குளிர்விப்பான், அமோனியா சேமிப்புத் தொட்டி எல்லாம் ஒரு சுற்று. திரும்பி வந்து இரும்புக் கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். அதன் பிறகுதான் ஆட்கள் நுழைவார்கள். முப்பது வருடமாக அந்தத் தட்டுச் சத்தம்தான் அங்கே சட்டம். மற்ற ஆலைகளில் விபத்து நடந்திருக்கிறது. எங்கள் ஆலையில் ஒருவன்கூடக் கண் எரிந்து வெளியே ஓடியதில்லை. ஒடிசாவிலிருந்து வரும் பையன்கள் எங்கள் ஆலையில் இடம் கிடைக்க இரண்டு வருடம் காத்திருப்பார்கள்.

கொரோனா இரண்டாம் அலைக் காய்ச்சல் வந்த மே மாதம் இவரும் பத்து நாள் படுத்தார். எழுந்தார். இளைத்திருந்தார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் அனந்தேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். வாசற்படியிலேயே சமையல் எரிவாயு நெடி முகத்தில் அடித்தது. உள்ளே ஓடினேன். சமையலறையில் பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. குமிழ் திறந்தபடியே இருந்தது. அதற்கு மூன்றடி தள்ளி, பூஜை அலமாரி முன்னால், இவர் வலது கையில் தீக்குச்சியோடு நின்றிருந்தார். இடது கையில் ஊதுபத்தி.

கையைத் தட்டிவிட்டேன். குச்சிகள் சிதறின. எதற்கு என்று புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு புரிந்தது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு இருவரும் கொல்லைப்புறத்தில் மழையில் நின்றோம்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"காய்ச்சல்லேர்ந்து. வந்துடும்னு டாக்டர் சொன்னார். சிலருக்கு ஆறு மாசம் ஆகுமாம்."

"சிலருக்கு?"

"வராமலும் போகுமாம்." தலையைத் துடைத்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாத வாரிஜா."

அந்த மழையில் நான் சரி என்று தலையாட்டினேன். படகுகள் கடலுக்குப் போகாத இரண்டு மாதம் அது. ஆலை ஓடவில்லை. ஆகஸ்ட் வருவதற்குள் மூக்கு வந்துவிடும் என்று நானும் நம்பினேன்.

வரவில்லை. ஆனால் அவர் கைகட்டி உட்காரும் ஆளில்லை. கந்தகக் குச்சி ஒரு கட்டு வாங்கி வந்தார். ஆகஸ்டில் ஆலை திறந்ததும், ஆட்கள் வருவதற்கு அரை மணி முன்னால் போய்க் குச்சி கொளுத்தி எல்லா இணைப்பையும் பார்ப்பார். பிறகு ஆட்கள் முன்னால் வழக்கம்போல ஒரு சுற்றுப் போய்வந்து கதவைத் தட்டுவார். அதில் ஏமாற்று இல்லை என்று எனக்குச் சொன்னார். முன்பு மூக்கு செய்ததை இப்போது குச்சி செய்கிறது, வழிதான் வேறு. கேட்கச் சரியாகத்தான் இருந்தது.

அதில் ஒரு பிழை இருந்தது. இத்தனை வருடத் தொழிலில் அவர் செய்யாத பிழை. இரவில் ஒரு இயந்திரம் மட்டும் மெதுவாக ஓடும். விடியும்போது குழாய்களில் அழுத்தம் மிகக் குறைவு. பகலில் இரண்டும் ஓடி, மழை விட்டு வெயிலும் அடித்தால், பின்பக்கக் குழாய்களில் அழுத்தம் இரண்டு மடங்காகும். விடியற்காலையில் மூடியிருக்கும் ஊசித்துளை மதியம் வாய் திறக்கும். அவருடைய மூக்கு முன்பு நாள் முழுக்க ஆலைக்குள் நடமாடியது. குச்சி காலையில் ஒருமுறைதான் எரிந்தது.

கடல் பூஜை முடிந்து படகுகள் புறப்பட்ட வாரம். படகுக்காரர்கள் வரிசைகட்டி நின்றார்கள். காய்ச்சலுக்குப் பிறகு அவர் வெளியில் சாப்பிடக் கூடாது என்பதால் மதியச் சாப்பாட்டை நானே கொண்டுபோவேன். அந்த வியாழக்கிழமை வாசலில் மீன்கூடைக்கு ஐஸ் வாங்க கிரிஜக்கா நின்றிருந்தாள். மல்பெயில் நாற்பது வருடமாகத் தலையில் கூடை சுமப்பவள்.

"ஹிரியண்ணா, உன் ஐஸும் என் புருஷன் சம்பளமும் ஒண்ணு. வீடு வந்து சேர்றதுக்குள்ள கரைஞ்சுபோகுது."

"புருஷனை மாத்த முடியாது அக்கா. இன்னும் ரெண்டு துண்டு வேணா போட்டுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது பின்பக்கத்திலிருந்து துஷ்மந்த் வந்தான். துஷ்மந்த் மாலிக், ஒடிசாக்காரன், எங்களிடம் ஒன்பது வருடம். பேச்சு குறைவு.

"தணி, பின்னால கொஞ்சம் வாங்க. தொட்டி பக்கம் வாசனை வருது." முதலாளியை அங்கே தணி என்றுதான் கூப்பிடுவார்கள்.

இயந்திரம் பார்க்கும் போஜ சாலியான் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "எனக்கு ஒண்ணும் வரலையே. டேய், நேத்து என்ன குடிச்சே?"

"குடிக்கல போஜண்ணே. வருது."

போஜருக்கு வராது. முப்பது வருடம் அந்த அறையிலேயே இருந்தவருக்கு அமோனியாவும் காற்றும் ஒன்றுதான். அது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் துஷ்மந்தோடு பின்பக்கம் போனார். சாப்பாட்டு டப்பாவோடு நானும் போனேன்.

வந்தது. மிக மெல்லியதாக, நூல் போல. பழைய கழிவறை ஒன்றைத் தூரத்தில் யாரோ திறந்து மூடியது போல. எனக்கு நன்றாக வந்தது.

அவர் நின்றார். மூச்சை இழுத்தார். அந்த இழுப்பை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், கண்ணை லேசாக மூடி, தலையை இடப்பக்கம் சாய்த்து. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். துஷ்மந்தை அல்ல, என்னை. நான் ஏதாவது சொல்வேனா என்று பார்த்தார். நான் சொல்லவில்லை. அவர் மூக்கை நம்பும் ஆள் முன்னால் என் கணவரைத் தலைகுனிய வைக்க என்னால் முடியவில்லை.

"ஒண்ணுமில்லடா," என்றார். "ஆத்துச் சேறு. தண்ணி வடிஞ்சிருக்குல்ல."

துஷ்மந்தின் முகம் தெளிந்தது. அதுதான் பயங்கரமாக இருந்தது. "தணி சொன்னா சரி," என்று சொல்லிவிட்டு, அந்த நூல் நெடி அசையும் இடத்துக்கே திரும்பிப் போய் வேலையைத் தொடங்கினான்.

அன்று மாலை வீட்டில் கேட்டேன். "எனக்கு வந்துச்சு. உங்களுக்குத் தெரியும் எனக்கு வந்துச்சுன்னு."

"தெரியும்."

"அப்ப?"

"மதியம் குச்சி வெச்சுப் பார்க்கறேன். ஆளுங்க சாப்பிடப் போற நேரத்துல."

"பார்த்துக் கண்டுபிடிச்சா நிறுத்தணும். எதுக்கு நிறுத்தறீங்கன்னு கேப்பாங்க. நாளைக்கே சொல்லிடுங்க."

"இருநூறு படகு நிக்குது. இப்ப நிறுத்தினா சீசனே போச்சு. அது போகட்டும். நாளைக்கு எந்த நம்பிக்கையில ஒருத்தன் உள்ள வருவான்? அவங்க உள்ள வர்றது என் மூக்கை நம்பி. ஒரு வாரம் குடு. முதல் ஓட்டம் முடியட்டும். ஃபிட்டரை வரச் சொல்லி, பின்பக்கக் குழாய் மொத்தத்தையும் மாத்திடறேன். அப்புறம் சொல்றேன். கண் எரியற அளவுக்கு வந்தா எனக்கே தெரியும்."

"கண் எரியும்போது ஓட நேரம் இருக்குமா?"

நான் ஒரு வாரம் கொடுத்தேன்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் மதியம் குச்சி பிடித்தார். பின்பக்கக் குழாய்களுக்குக் குளிர்காப்புத் தக்கைச் சுற்று உண்டு. அதன் அடியில் கசிவு ஓரிடத்தில் புறப்பட்டு நான்கடி தள்ளி வெளியே வரும். வெள்ளைப் புகை ஒருநாள் இங்கே திரண்டது, மறுநாள் அங்கே. ஞாயிறு விடாத மழை, நெடியே இல்லை. திங்களும் இல்லை. குச்சி வெறும் நீல நெருப்பாக எரிந்தது. அன்று அவர் எப்போதும்போல விளையாட்டாகப் பேசினார். எனக்குத்தான் அந்த மழை நிற்கக் கூடாது என்று இருந்தது. சுடுதண்ணீர் வைத்தால்கூட ஆவியில் எதையோ தேடினேன்.

செவ்வாய் வெயில். மாலை வந்து செருப்பைக் கழற்றாமல் கூடத்திலேயே உட்கார்ந்தார்.

"இன்னிக்குப் புதுசா ஒரு பையன் வந்தான் வாரிஜா. பத்தொம்பது வயசு. பின்னால போயிட்டு மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடி வர்றான். நெடி நெடின்னு கத்தறான். துஷ்மந்த் அவனைப் பிடிச்சு நிறுத்தி என்ன சொன்னான் தெரியுமா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"'தணி இல்லைன்னு சொன்னா இல்லை. உன் மூக்குதான் கெட்டிருக்கு.' அந்தப் பையன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுட்டு உள்ள போறான்." முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "என் மூக்கு செத்தது போகட்டும். அவங்க மூக்கையும் நான் கொன்னுட்டேன்."

நான் கொடுத்த வாரத்தில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை காலை நானும் கூடப் போனேன். ஆறு மணி. பதினான்கு பேரும் நின்றார்கள். ஐந்தாறு படகுக்காரர்களும் கிரிஜக்காவும் இருந்தார்கள். இவர் உள்ளே போகவில்லை. கதவு முன்னால் நின்றார்.

"இன்னிக்குக் கதவு தட்ட மாட்டேன். எனக்கு மோப்பம் கிடையாது. மே மாசக் காய்ச்சல்ல போச்சு. மூணு மாசமா உங்ககிட்ட மறைச்சுட்டேன். துஷ்மந்த், அன்னிக்கு நீ சொன்னது நிஜம். நான் சொன்னது பொய். பின்னால கசியுது."

போஜர் தலையைக் குனிந்துகொண்டார். துஷ்மந்த் அவரையே பார்த்தபடி இருந்தான், அடிவாங்கியவன் போல.

கிரிஜக்காதான் முதலில் வாய் திறந்தாள். "அடப்பாவி ஹிரியண்ணா. இத்தன நாளா சாமியாடிட்டு இருந்தியா?"

"ஆமா அக்கா."

"இவ்ளோ புள்ளைங்களை உள்ள விட்டுட்டு?"

"ஆமா அக்கா."

அதற்குமேல் அவளாலும் திட்ட முடியவில்லை. ஒரு படகுக்காரர் சத்தம் போட்டார். "அதெல்லாம் உங்க பாடு. என் ஐஸுக்கு வழி சொல்லுங்க. எட்டு மணிக்கு அலை ஏறுது."

"இன்னிக்கு ஐஸ் இல்ல. நாளைக்கும் இல்ல. ஃபிட்டர் மதியம் வர்றான். அவன் சரின்னு சொன்னப்புறம், துஷ்மந்த் உள்ள போய் ஒரு சுத்துச் சுத்தி வந்து சரின்னு சொன்னாத்தான் இந்தக் கதவு திறக்கும். நான் சொன்னாலும் திறக்கக் கூடாது."

என் இருபத்தாறு வருடப் பாடத்தில் இதற்குத் தலைப்பு கிடையாது. வெளியே மாறிய ஒவ்வொன்றுக்கும் அவர் மற்றவர்களைவிட ஐந்து வருடம் முன்னால் மாறினார். தனக்குள் மாறிய ஒன்றுக்கு மூன்று மாதம் பிந்தினார். சொல்லிவிட்ட அந்த நிமிடம் அவர் முகத்தில் ஒரு இளைப்பாறல் தெரிந்தது. நானும் முடிந்தது என்று நினைத்தேன்.

இரவு இயந்திரம் உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, சேமிப்புத் தொட்டியின் வால்வை அடைத்தால்தான் ஃபிட்டர் கைவைக்க முடியும். இரவு ஆட்கள் இருவரையும் வெளியே வரச் சொன்னார். எல்லோரையும் சாலையைத் தாண்டி, காற்று வரும் பக்கம் போய் நிற்கச் சொன்னார்.

போஜர் துண்டை நனைத்து முகத்தில் கட்டத் தொடங்கினார். "நான் போறேன் தணி. முப்பது வருஷமா என் கை பழகின வால்வு."

"உன் மூக்கும் என் மூக்கு மாதிரித்தான் போஜா. ரெண்டு செத்த மூக்கு எதுக்கு உள்ள?" போஜரின் கையிலிருந்து அந்த ஈரத் துண்டை வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆலையில் வாயு முகமூடி இரண்டு இருந்தன. அலமாரியில், உறை பிரிக்காமல், தேதி முடிந்து. அதையும் எழுதத்தான் வேண்டும்.

துஷ்மந்த் முன்னால் வந்தான். "நான் வர்றேன் தணி. எனக்கு வாசனை தெரியும். அதிகமானா சொல்றேன்."

"நீ வெளியில நின்னு சொல்லு," என்றார். "கத்திச் சொல்லு. எனக்குக் காது இருக்கு."

போனார். இயந்திரச் சத்தம் நின்றது. நாங்கள் எல்லோரும் அந்த அமைதியைக் கேட்டோம். தொட்டி பின்பக்கம், சுவருக்கு அப்பால். வால்வைத் திருகும்போது இரும்பு முனகும் சத்தம் சாலைவரை வந்தது. ஒரு தடவை. இரண்டாம் தடவை. துஷ்மந்த் மட்டும் ஆலை வாசலருகே மூக்கைத் தூக்கியபடி நின்றான்.

"தணி, வாசனை ஏறுது!" என்று கத்தினான். "தணி, வெளிய வாங்க!"

"இன்னும் ஒரு சுத்துடா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பிறகு குழாய் உடைந்தது. தக்கைச் சுற்றுக்கு அடியில் அது எத்தனை வருடமாக அரித்திருந்ததோ, வால்வோடு சேர்ந்து முறிந்ததாகப் பிறகு சொன்னார்கள். சீறல் சத்தம். கூரைக்கு மேலே வெள்ளையாக எழுந்து, ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்து போனது. போஜர் ஓடப் பார்த்தார். நான்கு பேர் அவரைத் தரையோடு அழுத்திப் பிடித்தார்கள். துஷ்மந்த் கத்துவதை நிறுத்தவே இல்லை.

வெளியே எங்கள் ஆட்கள் மட்டும் பதினாறு பேர் இருந்தார்கள், இரவு ஆட்களோடு சேர்த்து. ஒருவருக்கும் கண் சிவக்கவில்லை. தீயணைப்புக்காரர்கள் அவரை வெளியே கொண்டுவரப் பத்தே முக்கால் ஆனது.

விசாரணைக்கு வந்த அதிகாரி எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்தார். போஜரும் துஷ்மந்தும் சுவரோரம் நின்றார்கள். கசிவு எப்போது முதலில் தெரிந்தது, அதை உணர்ந்தது யார், ஏன் அன்றே நிறுத்தவில்லை என்று கேட்டார். போஜர் என்னைப் பார்க்காமல், "அன்னிக்குக் காலையிலதான் சார்," என்றார். துஷ்மந்தும் தலையாட்டினான். இறந்தவருடைய பெயரைக் காப்பாற்ற இருவரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அதிகாரி எழுதத் தொடங்கினார்.

"அது சரியில்ல," என்றேன். "ஆறு நாள் முன்னாடி. வியாழக்கிழமை மதியம். துஷ்மந்த் வந்து சொன்னான். அவன் சொன்னது நிஜம்னு அங்க ஒருத்தருக்குத் தெரியும்."

"யாருக்கும்மா?"

"எனக்கு. நான் பக்கத்துல நின்னேன். எனக்கு நல்லா வந்துச்சு. நான் வாயைத் திறக்கல."

அதிகாரி பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எழுதிக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.